ஐந்து கட்டையும் ஸ்டெல்லாவின் தொண்டையும்

கீபோர்டின் சுருதி ஒரு கட்டை ஏறியிருந்தது. நான் குறையைப் பாடகியின் தொண்டையில் தேடினேன். ஆறு மாதம் தேடினேன். நடந்த தவறு இவ்வளவுதான்.

ரிசப்ஷனில் கீபோர்டு வாசிப்பவனுக்கு வாசிக்கத் தெரிந்தால் போதாது, சுமக்கவும் தெரிய வேண்டும். எண்பதுகளின் பின்பாதி அது. பகலில் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. முகூர்த்த நாள் சாயங்காலங்களில் இந்த உத்தியோகம். கீபோர்டு, சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினால் டிரம்ஸ், கிட்டார் எல்லாம் தானே வாசிக்கும். வலது கையால் நாம் பாட்டை வாசித்தால் போதும். அப்படி ஒன்றை வீட்டில் வைத்திருந்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பாட்டுக்கு ஸ்டெல்லா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுத் தருகிற ஆபரேட்டர். திண்டிவனத்துப் பெண், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். சர்ச்சில் பாடிப் பழகிய குரல். என்னை அண்ணே என்பாள். அவள் சுருதி ஐந்து கட்டை; அதாவது ஐந்தாவது வெள்ளைக் கட்டையில் ‘ஸ’ வைத்துப் பாடுவாள். அவளுக்குப் பாட்டென்றால் உயிர். அதைத்தான் நான் நிறுத்தப் பார்த்தேன்.

எட்டு இலை

திண்டிவனத்தில் ஒரு ரிசப்ஷன். பத்திரிகையில் ‘இன்னிசைக் குழு’ என்று போட்டுவிட்டார்கள். குழு என்றால் நானும் ஸ்டெல்லாவும். அன்று அவள் மேலே போகிற இடமெல்லாம் அனாயாசமாகப் போனாள். முன்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கல்யாண வீட்டில் அது லேசில் நடக்காது.

முடிந்ததும் பந்திக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கென்று எட்டு இலை போட்டிருந்தது. இரண்டு இலையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் குண்டானோடு நின்றார். பெண்ணின் தாய்மாமனுக்குச் சந்தேகம். மேடைக்குப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். திரும்பி வந்து என் காதோரம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“டிரம்ஸ் அடிச்சவரு எங்கங்க? நம்ம ஆளுங்க எவனா எதுனா சொல்லிட்டானா? கோச்சிக்கினு போயிருந்தா கூப்பிடுங்க சார், பாயசம் ஆறுது.”

ஜெபத்தில் டிஸ்கோ

இந்த வகைக் கீபோர்டில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவைத்தால் இடது பக்கம் எந்தக் கட்டையைத் தொட்டாலும் தாளம் அந்த நொடியே தொடங்கும். வசதி என்று கம்பெனிக்காரன் அட்டையில் போட்டிருந்தான். அதை அவன் ஒரு சர்ச்சுக்குள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டெல்லாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போதகர் மணமக்களுக்காக ஜெபம் செய்கிறார். எல்லாரும் தலை குனிந்து கண் மூடியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, அடுத்து எந்தப் பாட்டு என்று கேட்க மெதுவாக என் பக்கம் வந்தார். வந்தவர் சும்மா வரலாமில்லையா? கீபோர்டின் இடது ஓரத்தில் கையை ஊன்றினார். டிஸ்கோ தொடங்கியது. அவர் பயந்து இன்னும் அழுத்தினார். எனக்கு நிறுத்துகிற பட்டன் கைக்கு வரவில்லை. ஒயரைப் பிடுங்கினேன். போதகர் கண்ணைத் திறக்கவே இல்லை, ஜெபத்தை மட்டும் சீக்கிரம் முடித்தார். ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

வெளியே வந்ததும் உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்:

“ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. அடுத்த வாட்டி உங்க பொட்டிக்கு மொதல்ல ஞானஸ்நானம் குடுத்துட்டு, அப்புறமா உள்ள கொண்டாங்க.”

முகத்தைக் காட்டு

கீபோர்டோடு உறை எதுவும் வரவில்லை. போர்வையில் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டித் தோளில் வைத்துப் போவேன். ஆள் நீளம் இல்லைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

கண்டாச்சிபுரம் பஸ்ஸில் சந்தைக் கூட்டம். கூரைமேல் போடு என்றார் கண்டக்டர். முடியாது என்றேன். கடைசி சீட்டு முழுக்க மல்லாட்டை மூட்டை, நிலக்கடலைதான். அதன்மேல் நீட்டிப் படுக்கவைத்தேன். ஏறுகிறவன் எல்லாம் ஒரு நெட்டு நெட்டினான், இறங்குகிறவன் ஒரு இழுப்பு இழுத்தான். சனியன் அன்றுதான் பிடித்திருக்க வேண்டும். சத்தியம் செய்ய மாட்டேன், எனக்கு அப்போது தெரியாது.

பக்கத்துச் சீட்டு அம்மாள் காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு சாமி பெயரை முணுமுணுத்தாள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்:

“யோவ், இதுக்கு லக்கேஜி கிழிக்கறதா, ஆள் டிக்கெட்டு கிழிக்கறதா? மொதல்ல மூஞ்சியத் தொறந்து காட்டுய்யா!”

மோட்டார் நின்றது

அந்த பஸ் பயணமே இந்தக் கச்சேரிக்குத்தான். கண்டாச்சிபுரத்துக்கு அந்தாண்டை, வயலை ஒட்டிய வீட்டுப் பந்தல். மூன்றாவது பாட்டு, சரணத்தில் மேலே ஏறுகிற இடம். நூறு தடவை பாடிய இடம். ஸ்டெல்லாவின் குரல் பிசிறியது. நான் முறைத்தேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் பிசிறு.

அதற்குள் வோல்டேஜ் இறங்கியது. பந்தல் பல்பு ஆரஞ்சுப் பழமாகிவிட்டது. கீபோர்டுக்குக் கரண்டு தருகிற எலிமினேட்டர் உறுமி உறுமி அடங்கியது. பெட்டி ஊமை. ஸ்டெல்லா விடவில்லை. கை தட்டிக்கொண்டு தனியாகவே பாட்டை முடித்தாள். மேல் இடம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜனம் விசில் அடித்தது. நான் எலிமினேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். காதில் எதுவும் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் கரண்டு ஏறியது. மறுபடி பெட்டி, மறுபடி பிசிறு. பெண்ணைப் பெற்றவர் கொல்லைப் பக்கமிருந்து, முழங்கால் வரை சேற்றோடு வந்தார்:

“மோட்டார நிறுத்திட்டன் சார். மல்லாட்டைக்கு நாளைக்குத் தண்ணி காட்டிக்கலாம். ஆனா ஒண்ணு, கரண்டு இல்லாதப்போதான் அந்தம்மா நல்லாப் பாடினாங்க.”

பேசாதே

அதற்கப்புறம் ஒவ்வொரு கச்சேரியிலும் அதே கதை. மேலே போனால் பிசிறு. அவள் வெந்நீர் குடித்தாள், மிளகு மென்றாள், சர்ச்சில் காணிக்கை நேர்ந்துகொண்டாள். அவள் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆ சொல்லு, ஈ சொல்லு என்றார். தொண்டையில் ஒன்றுமே இல்லையே என்றார். ஒன்றும் இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் நாம் நம்பியதுண்டா? நான் நம்பவில்லை. “இருக்குது சார், நல்லா பாருங்க,” என்றேன். என் தொல்லை தாங்காமல் அவரும் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தார்: இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது.

ஸ்டெல்லா சீட்டைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள்:

“நான் வாய மூடிக்கினா விழுப்புரமே ஊமையாப் போயிடும் டாக்டர். வேற எதுனா சொல்லுங்க.”

நான் சொன்ன தீர்ப்பு

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு ரிசப்ஷன். ஒரே பாட்டில் மூன்று இடத்தில் உடைந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பாட்டைப் பாதியில் நிறுத்தி, மீதியை நான் பெட்டியிலேயே வாசித்து ஒப்பேற்றினேன். முடிந்ததும் போர்வையைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: “குரல் இறங்கிப்போச்சு ஸ்டெல்லா. புள்ள பெத்தவளுக்கு ஆகறதுதான். ஒத்துக்கோ.”

அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மைக் ஒயரைச் சுருட்டி என் பையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்:

“நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும். வேற பொண்ணு பாத்துக்கோங்க.”

வேற பொண்ணு

பார்த்தேன். திருவாமாத்தூரிலிருந்து ஒரு காலேஜ் பெண், அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். சுருதி என்ன என்றேன். ஐந்து கட்டை என்றாள். ஐந்தாவது கட்டையை அழுத்தினேன். அவள் பாடினாள். சரணத்தில் மேல் இடம் வந்தது. அதே இடம், அதே பிசிறு.

வேறு எவனாக இருந்தாலும் அப்போது பெட்டியைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டையும் கிடையாது, சாதகமும் கிடையாது என்று கால் மணி நேரம் பேசினேன். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். காப்பித் தம்ளரை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்:

“எங்க வீட்டு ஆர்மோனியத்துல இவ நல்லாத்தாங்க பாடறா. அது பழசு. உங்க பொட்டி அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் அதுக்குப் பத்தாது போலருக்கு.”

உர்ர்

விழுப்புரத்தில் ஒரு எண்ணெய் மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம். அவர் பம்பாய்க்குப் போடுகிற டிரங்க் கால் எல்லாம் ஸ்டெல்லாவின் குரல் வழியாகத்தான் போகும். அந்தம்மா பாடினால்தான் கச்சேரி என்று ஒரே பிடியாக நின்றார். அவளால் தட்ட முடியவில்லை. “இதான் கடைசிண்ணே,” என்றாள். நான் சரி என்றேன்.

வீட்டு முன் ஹாலிலேயே மேடை. ஓரத்தில் போன். மறுநாள் டியூட்டியை மாற்றச் சொல்ல ஸ்டெல்லா போனை எடுத்தாள். நான் சத்தம் சரிபார்க்க ஐந்தாவது கட்டையை அழுத்திப் பிடித்திருந்தேன். நம்பரைச் சுற்றப் போன விரல் அப்படியே நின்றது.

“அண்ணே, அது எந்தக் கட்டை?”

“உன் கட்டைதான். அஞ்சு.”

“இல்ல.”

“இல்லன்னா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“கண்ணு நல்லாத்தான் இருக்குது. காதக் கொண்டாங்க இப்படி.”

ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினாள். உர்ர் என்று டயல் டோன்.

“தெனம் எட்டு மணி நேரம் இதத்தாண்ணே கேட்டுக்கினு இருக்கேன். கால் இல்லாதப்போ இதோட சேத்துத்தான் முனகிப் பாடிக்கினு இருப்பேன். இதான் என் அஞ்சு கட்டை. உங்க பொட்டி இதுக்கு மேல நிக்குது.”

ஒரு காதில் ரிசீவர், ஒரு காதில் கீபோர்டு. ஐந்தாவது கட்டையை அழுத்தினேன். ஒட்டவில்லை. நாலாவது கட்டையை அழுத்தினேன். உர்ர் சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. நாலை அழுத்தினால் ஐந்து பேசுகிறது, ஐந்தை அழுத்தினால் ஆறு. ஆறு மாதமாக அவளை ஆறு கட்டையில் கத்தவிட்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டெல்லா பெட்டியைப் பின்பக்கம் திருப்பினாள். ஒயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தள்ளுகிற பட்டன். கூடவே சின்னச் சின்னக் கோடுகள். பட்டன் நடுக்கோட்டிலிருந்து இரண்டு கோடு, அதாவது ஒரு முழுக் கட்டை, தள்ளி நின்றது. அப்படி ஒன்று அங்கே இருப்பதை அன்றுதான் பார்க்கிறேன். கண்டாச்சிபுரம் பஸ்ஸில் நெட்டி இழுத்ததில் நகர்ந்திருக்க வேண்டும். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, டிக், டிக் என்று இரண்டு தள்ளு. ஐந்தாவது கட்டையை அவளே அழுத்தினாள். போனும் பெட்டியும் ஒரே சுருதி.

மில்லுக்காரர் வந்து, “போன் ரிப்பேருங்களா?” என்றார். “இல்லீங்க, நான்தான்,” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

முதல் பாட்டிலேயே சரணம் வந்தது. அவள் ஏறினாள். குரல் மேலே போய் அசையாமல் நின்றது. நான் இடது கையை மாற்ற மறந்துவிட்டேன். அது பாட்டுக்கு ஒரே இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. பாட்டு முடிந்து கைதட்டல். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. “ஸ்டெல்லா, நான் அன்னிக்கு...” என்று இழுத்தேன். அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்:

“ஆறு மாசம் என்ன உசுரோட கொன்னீங்களேண்ணே. அத நாளைக்கு வெச்சிக்கலாம். இப்ப ஜல்தியா அடுத்த பாட்டுக்குத் தாளத்தப் போடுங்க.”

கீபோர்டைச் சுமந்தவன் நான், வாசித்தவன் நான், கெடுத்தவனும் அநேகமாக நானாகத்தான் இருக்கும். சரி செய்தது மட்டும் ஸ்டெல்லா.