எல் போர்டு விமானம்

என் மாமா, அம்மாவின் தம்பி, விமானப் படையில் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவர் பாகூருக்கு எங்கள் வீட்டுக்கு வரப்போவதாகக் கடிதம் வந்தது. அம்மா அதைப் படித்து முடிப்பதற்குள் நான் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். மாமா விமானம் ஓட்டுகிறவர் இல்லை. இறக்கைக்கு அடியில் குண்டும் ராக்கெட்டும் மாட்டிவிடுகிறவர். ஓட்டுவதைவிட அதுதான் பெரிய வேலை என்று நான் தீர்மானித்திருந்தேன். இவர் மாட்டாவிட்டால் அவர்கள் எதைப் போடுவார்கள்?

மாமா வந்த அன்று மாலையே பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்துகொண்டான். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன். எந்த விமானம், எவ்வளவு பெரியது என்று குடைந்து குடைந்து கேட்டான். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன ஜெட், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்தது, வாத்தியாரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதற்குமேல் அங்கே இருக்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"இவ மாமா வச்சிருக்கிறது எல் போர்டு ப்ளேன்டா."

நான் அழுதுகொண்டே மாமாவிடம் போய் நியாயம் கேட்டேன். அவருக்கு வருத்தமே இல்லை. கற்றுக்கொள்கிற விமானம்தான், ஆனால் அதே இறக்கையில் ராக்கெட்டை மாட்டிவிட்டால் தாழப் பறந்துபோய்த் தரையில் நிற்கிற லாரியையோ பாலத்தையோ அடித்துவிட்டு வரும் என்றார். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் பெரிய விமானத்தை அனுப்ப முடியாதாம். இது கொஞ்சம் மெதுவாகப் போவதால் கீழே இருப்பதும் நன்றாகத் தெரியுமாம். அண்ணன் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.

"நாளைக்குக் காலைல ஏரிக்கு வாங்க, காட்டறேன்" என்றார் மாமா.

அந்தக் கோடையில் ஏரியின் ஒரு பக்கம் வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாமா வீட்டிலிருந்து கோலமாவு டப்பாவைக் கேட்காமல் எடுத்துவந்து, சமமான இடமாகப் பார்த்துப் பெரிய வட்டம் போட்டார். எங்களுக்குக் களிமண் உருண்டை பிடிக்கிற வேலை. அண்ணன் பெரியப்பாவின் பெரிய சைக்கிளைக் கொண்டுவந்திருந்தான். எனக்கு வாடகைக் கடையின் குட்டிச் சைக்கிள். ஒரு வாரமாக அதில்தான் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் பக்கத்துக்கு ஒன்றாகத் துணிப்பை மாட்டி, அதில் உருண்டைகளைப் போட்டார் மாமா. கால் ஊன்றாமல் ஓட்டிக்கொண்டே வட்டத்துக்குள் போட வேண்டும். ஆளுக்கு மூன்று.

அண்ணன் முதலில் போனான். காற்றாகப் பறந்தான். முதல் உருண்டை வட்டத்தைத் தாண்டி விழுந்தது, இரண்டாவது அதையும் தாண்டியது, மூன்றாவது மேய்ந்துகொண்டிருந்த எருமையின் முதுகில் போய் விழுந்தது. எருமை தலையைக்கூடத் தூக்கவில்லை.

என் முறை வந்ததும் மாமா சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். என் வேகத்துக்கு அவர் நடந்தே வந்திருக்கலாம்.

"கையைப் பாக்காத, வட்டத்தைப் பாரு. ஹேண்டில்பாருக்குக் கீழ வட்டம் மறையுதா, அப்ப வுடு. வுட்டுட்டுத் திரும்பிப் பாக்காத, போய்க்கினே இரு."

முதல் உருண்டை என் காலிலேயே விழுந்தது. இரண்டாவது கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி. மூன்றாவதைப் போட்டுவிட்டு, சொன்னபடியே திரும்பாமல் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. எதற்குக் கத்துகிறார்கள் என்று புரியாமல் சைக்கிளை வளைத்துத் திரும்பிய பிறகுதான், மாமா வெகுதூரத்தில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். வட்டத்தின் நடுவில் என் உருண்டை சப்பையாகக் கிடந்தது.

அண்ணன் பெரிய சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். என் சைக்கிளைக் கொஞ்ச நேரம் தருகிறாயா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏரியில் இருந்தார்கள். குட்டிச் சைக்கிளுக்கு அடிதடி. வெறும் வட்டம் சலித்துப்போயிருக்க வேண்டும். அண்ணன் போய் யார் கொல்லையிலிருந்தோ ஒரு சோளக்கொல்லைப் பொம்மையைப் பிடுங்கிவந்தான். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை. அதற்குப் பெரியப்பாவின் பழைய சட்டையை மாட்டி வட்டத்தின் நடுவில் நட்டான். எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் போட்ட உருண்டையில் சட்டித் தலை இரண்டாக உடைந்து விழுந்தது. என்னைத் தூக்காத குறைதான்.

அந்த நேரத்தில்தான் மாமா டீக்கடையிலிருந்து சிரித்துக்கொண்டே கரையில் இறங்கி வந்தார். பொம்மையைப் பார்த்ததும் நின்றார். பிறகு நேராக வட்டத்துக்குள் போய் அதைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"வட்டம் மட்டும் போதும்."

"ஆளு இருந்தாத்தான மாமா சண்டை?" என்றேன்.

அவர் கரைமேல் போய் உட்கார்ந்து, பொம்மையைப் பக்கத்தில் படுக்கவைத்து, சட்டையில் ஒட்டியிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சட்டை பாழாகிவிட்டதே என்று கோபம் போலிருக்கிறது என்று அண்ணன் என் காதில் சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. சமாதானப்படுத்தலாம் என்று கரையேறிப் போனேன்.

"பழைய சட்டைதான் மாமா. அதுக்குள்ள யாரும் இல்ல."

மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, என் தலையைப் பிடித்து ஆட்டி, போய் விளையாடு என்றார். சட்டை விஷயத்தை நல்லபடியாக முடித்துவைத்த திருப்தியோடு நான் சரிவில் இறங்கி ஓடினேன்.