தாய் சொன்ன சாட்சி

ஒஸ்லோ நீதிமன்றத்தில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த காலம். பிரிந்துபோன மனைவி வேறொருவரோடு பழகுகிறாள் என்று கேள்விப்பட்ட ஒருவன், நகரின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் அவள் வீட்டு வாசலுக்கே போய்க் கொலை மிரட்டல் விட்டிருந்தான். அந்நேரம் பேத்தியைப் பார்க்க வந்து குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவர் அவனுடைய தாய். வேறு சாட்சி இல்லை.

எங்கள் சனத்தில் எந்தத் தாய் மகனைக் காட்டிக்கொடுப்பாள்? பொழுது வீண் என்ற எரிச்சலோடுதான் போயிருந்தேன். தாய் என்பதால் சாட்சி சொல்லத் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"தெரியும். சொல்லத்தான் வந்தனான்," என்றார். "மருமகளைக் கொல்லுவன் எண்டவன். அது கோவத்திலை வந்த வெறும் பேச்சில்லை. என்ரை மகனை எனக்குத் தெரியும்."

சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்லவேண்டும். அது எங்கள் தொழில் விதி. "என் மகனை எனக்குத் தெரியும்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லும்போது நான் மேசையைப் பார்த்தேன். அவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சாட்சியை நம்பித்தான் அவன் குற்றவாளி என்று பிறகு தீர்ப்பானது. அன்று வெளியே வந்ததும், நோர்வேஜிய மொழி தெரியாத அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்:

"பிள்ளை, நான் சொன்னதிலை நீ ஒண்டையும் குறைக்கேல்லைத்தானே?"