துரைக்காக வறண்ட வாய்க்கால்

கம்பம் பள்ளத்தாக்கில் நான் வேலை பார்த்த ஊருக்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் எல்லாம். அதை மறித்து வெட்டிய வாய்க்கால் வீடுகளுக்குப் பின்புறமாக ஓடி, நெல் வயல்களுக்குள் பிரிந்து போகும். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் குனிந்து அள்ளிக் குடிப்பார்கள். மலேரியா என்னும் குளிர்காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுவது அந்தத் தண்ணீரில்தான் என்றால் நம்பமாட்டார்கள். சாக்கடையில் பிறக்கும் கொசு வேறு வகை. இந்த வகைக்குத் தெளிந்த நீர் வேண்டும், அது மெதுவாக நகர வேண்டும், கரைப்புல் அதன்மேல் சாய்ந்திருக்க வேண்டும். அந்த வாய்க்காலில் இவை எல்லாமே இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகள் அவை. சென்னையில் என் விலங்கியல் பேராசிரியர், கடல் கடந்த ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு மூன்றாண்டு நிதி வாங்கியிருந்தார். நிதி இரண்டு வேலைகளுக்காக. மலையடிவாரத்தில் காய்ச்சலையும் கொசுவையும் ஆராய்வது ஒன்று. கண்டறிந்ததை அங்கே வாழ்கிறவர்களுக்கே விளக்கிச் சொல்வது மற்றொன்று. இரண்டையும் ஊரிலேயே தங்கிச் செய்ய ஆள் தேவைப்பட்டது. பட்டம் வாங்கி, நுண்ணோக்கியில் கை பழகி, வேலையில்லாமல் வீட்டில் இருந்த நான் போனேன்.

தேனி ரயில் நிலையத்தில் என்னோடு இறங்கியவை நுண்ணோக்கிப் பெட்டி, ரத்தம் தடவிப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகள், சாயப் புட்டிகள், நீண்ட காம்பு வைத்த அகப்பை, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை டப்பாக்கள், படம் காட்டும் லாந்தர், அதற்குத் திரையாக ஒரு வெள்ளை வேட்டி. ஊரில் ஒரு பருத்திக் கிடங்கின் முன்னறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பின்னறையில் பருத்தி, முன்னறையில் நான். நுண்ணோக்கியின் கண்ணாடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

வேலை கடினமானதல்ல. காலையில் வாய்க்கால் ஓரத்து நீரை அகப்பையால் மொண்டு, அதில் நெளியும் கொசுப் புழுக்களைப் பார்ப்பேன். பிறகு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்துவேன். அடிக்கடி குளிர்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். ஊரில் அதைக் காய்ச்சக்கட்டி என்பார்கள். நான் தெருமுனையில் திரும்பினாலே பையன்களின் கூச்சல் கேட்கும்.

"ஏலே, கொசுவம்மா வாராக! வயித்தக் காட்டிக்கிட்டு நில்லுங்கலே!"

மாலையில் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வேட்டியைக் கட்டி லாந்தர் படம் காட்டுவேன். காய்ச்சல்காரரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் காய்ச்சலைக் கொண்டுபோகிறது என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்காலை ஒட்டிய வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"அப்ப எனக்குக் காய்ச்சல் குடுத்தது எங்க மாமியா வீட்டுக் கொசுதான் தாயி. சுவத்துக்கு அங்கிட்டுத்தான் இருக்காக."

கூட்டம் சிரித்தது. மாமியார் இருட்டிலிருந்து, "என் வீட்டுக் கொசு உன்னைக் கடிச்சிட்டு உசுரோட திரும்புமாடி?" என்றார். அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. ஆனால் மறுநாள் காலையில் அந்த மருமகள் தன் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கவேண்டியிருந்தது. வீக்கம் தொப்புள்வரை வந்துவிட்டது. மூத்த பையனை முந்தின ஆண்டு இதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாள். அவளை அக்கா என்று அழைக்கத் தொடங்கினேன். கொய்னாவின் கசப்புக்குப் பிள்ளை துப்பிவிடும். அக்கா அதைக் கருப்பட்டிக்குள் பொதிந்து கொடுத்துப் பழக்கினாள். சில மாதங்களில் வீக்கம் வற்றி, பிள்ளை நடந்து வந்து என் மேஜைமேல் எட்டிப் பார்த்தது. அந்தக் கொய்னா அறக்கட்டளை நிதியில் வந்தது. அது நின்றால் கொய்னாவும் நிற்கும் என்பதை அக்காவிடம் நான் மறைக்கவில்லை.

ஆய்வில் தெரிந்தது எளிய விஷயம். முட்டை பொரிந்து, புழு கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரத்தில் ஒரு நாள் வாய்க்காலை முழுக்க வறள விட்டு, கரைப்புல்லையும் வெட்டி வந்தால் புழுக்கள் காய்ந்து செத்துவிடும். மருந்து, இயந்திரம் எதுவும் வேண்டாம். நாட்டாமையிடம் இதைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மேவயக்காரன் மொறைய விட்டுக் குடுப்பானா, கீவயக்காரன்தான் குடுப்பானா? மடைய ஒரு நா அடைச்சா வெட்டுக்குத்து ஆயிரும் தாயி. இது ஆகுற கதையில்ல."

பேராசிரியருக்கு எழுதினேன். அவர் இதையே அடுத்த மூன்றாண்டு விண்ணப்பத்தின் மையமாக வைத்தார். ஓடையில் ஒரு சிறு கல்லணை, ஒருநாள் தண்ணீரைத் தேக்கி மறுநாள் சேர்த்துவிட ஒரு மதகு, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒருவர், அதுவரை பிள்ளைகளுக்குக் கொய்னா. தண்ணீர் முறையில் யாருக்கும் நட்டம் வராது. விண்ணப்பத்தைப் படித்த அறக்கட்டளை, தன் அதிகாரி ஒருவரே நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் அனுப்பியது.

நாட்டாமையிடம் போய்ச் சொன்னேன். யார் வருகிறார், எதற்காக வருகிறார், அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதைப் பொறுத்துத்தான் அடுத்த நிதி என்பது வரை சொன்னேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளை மந்தைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

"பணம் குடுத்தவுகளே வாராகளா?" என்று கேட்டார் நாட்டாமை.

"அவர்கள் அனுப்பும் ஆள், ஐயா."

"ரெண்டும் ஒண்ணுதான். நீங்க கவலைய விடுங்க. அதெல்லாம் நாங்க பாத்துக்கிருவோம்."

அந்தப் பக்கத்து வழக்கத்தை நான் பலமுறை பார்த்திருந்தேன். தேனி, போடிக் கடைவீதிக்காரர் யாராவது ஓர் ஊருக்கு மாட்டுத்தொட்டியோ கிணறோ கட்டப் பணம் கொடுத்தால், அவர் பார்க்க வரும் நாளில் தொட்டி ததும்ப வேண்டும், கிணற்றுச் சுவருக்கு வெள்ளையடித்திருக்க வேண்டும், மாலையும் இளநீரும் காத்திருக்க வேண்டும். பணம் கொடுத்தவரிடம் வேலை பாதியில் நிற்கிறது என்று காட்டுவது அவரை அவமதிப்பது. தொட்டிக்கும் கிணற்றுக்கும் உரிய அந்த வழக்கம் காய்ச்சலுக்கும் வரும் என்று என் மனத்தில் தோன்றவில்லை.

விருந்தினரை எதிர்கொள்ளவும் தங்கும் இடம் ஏற்பாடு செய்யவும் நான் முன்கூட்டியே தேனிக்குப் போய்விட்டேன். பேராசிரியரும் அதிகாரியும் ரயிலில் வந்தார்கள். அதிகாரி உயரமான, வயதான மனிதர். வெயிலில் முகம் சிவந்தாலும் முகம் சுளிக்காதவர். காரில் வரும்போதே புழுக்களைப் பற்றி நல்ல கேள்விகள் கேட்டார். வாய்க்காலில் நானே மொண்டு காட்டுகிறேன் என்றேன்.

ஊர் எல்லையில் மேளம் கேட்டது. மந்தை கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தலைவாரி, திருநீறு பூசி, வரிசையில் நின்றார்கள். வரிசையை ஒருமுறை பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. என் விரலுக்குத் தெரிந்த வயிறுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. நின்றவர்கள் எல்லாரும் நோயில்லாத பிள்ளைகள். சிலரை நான் அந்த ஊரில் பார்த்ததே இல்லை.

நாட்டாமை மாலை போட்டார். "தொரை, ஒங்க புண்ணியத்துல எங்க ஊருல காய்ச்சலே கெடையாது. எங்க கொசுவம்மா இங்கன வந்து வெரட்டிப்புட்டாக."

நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, இது மரியாதைக்குச் சொல்வது, சென்ற மாதக் காய்ச்சல் கணக்கு வேறு விதமாக இருக்கிறது என்று சேர்த்தேன். அதிகாரி புன்னகை செய்தார். வாய்க்காலைப் பார்க்கலாமா என்றார்.

அகப்பையை எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைப்புல் ஒட்ட வெட்டப்பட்டு, அடிமண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. மொண்டு காட்ட எதுவும் இல்லாமல் அகப்பையோடு நின்றேன்.

"தொரை காலுல சேறு படக்கூடாதுன்னு முந்தாநாளே மடைய அடைச்சிட்டோம்" என்றார் நாட்டாமை. அவருக்குப் பின்னால் மேல்வயல்காரர்களும் கீழ்வயல்காரர்களும் ஒன்றாக நின்று தலையசைத்தார்கள். அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமையை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அதிகாரிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நாங்கள் ஏட்டில் பரிந்துரைத்ததை ஓர் ஊரே சேர்ந்து செய்து காட்டியிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படி அல்ல என்று நான் விளக்கினேன். கிடங்குக்கு அழைத்துப்போய்ச் சென்ற மாத ரத்தச் சில்லுகளை நுண்ணோக்கியில் காட்டினேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். "அது சென்ற மாதம். இன்றைக்கு நான் கண்ணால் பார்த்தது வேறு. அடக்கமாகப் பேசுகிறீர்கள், நல்ல குணம்" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்திருந்தது. ஆனால் மாலை போட்ட ஊரை விருந்தினர் முன்னால் பொய்யர்கள் என்று எப்படிச் சொல்வது?

சென்னையிலிருந்து பேராசிரியர் நீண்ட விளக்கம் எழுதினார். அது போய்ச் சேர்வதற்குள் முடிவு வந்துவிட்டது. அறக்கட்டளை எங்களைப் பாராட்டியிருந்தது. வகுத்த நோக்கம் நிறைவேறிவிட்டதால், காய்ச்சல் இன்னும் இருக்கும் வேறொரு பள்ளத்தாக்குக்கு நிதி போகும் என்றும் சொல்லியிருந்தது. அவ்வளவு நல்ல வார்த்தைகளை அதற்குப் பிறகு என் வேலைக்காக யாரும் எழுதியதில்லை.

பிள்ளைகளை மலையோரத் தோட்டத்துக் குடிசைகளில் ஒளித்து வைத்திருந்தார்கள். அக்காவும் தன் பெண்ணை அங்கே விட்டிருந்தாள். மழைக்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் கண்டிருந்தது. ஏன் அக்கா என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்கும்.

"நீங்கதான தாயி சொன்னீக, அவுக பாத்துச் சொன்னாத்தான் அடுத்து வரும்னு? வயித்துக்கட்டியக் காட்டுனா, இத்தன நாளு குடுத்ததெல்லாம் வீணுன்னு போயிர மாட்டாகளா? பெறகு எப்பிடிக் குடுப்பாக?"

நிதி தொடரவேண்டும் என்பதற்காகத்தான் அவளும் ஊரும் அதைச் செய்தார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில், குறையைக் காட்டினால்தான் மேலும் கொடுப்பார்கள் என்பது அவர்கள் வாழ்ந்த எதிலும் இல்லாத பழக்கம்.

நாட்டாமையிடம் செய்தியைச் சொன்னேன். "அப்ப அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. காய்ச்சக்காரப் புள்ளைக எல்லாத்தையும் வரிசையா நிறுத்துறேன்" என்றார்.

இனி வரமாட்டார் என்றேன். "ஐயா, மடையை அடைத்தீர்களே, யாரும் சண்டைக்கு வரவில்லையா?"

"விருந்தாளிக்குன்னு சொன்னா எவன் வருவான்?"

"அப்படியே வாரத்தில் ஒரு நாள் அடைக்கலாமே?"

"யாரு பேரச் சொல்லி அடைக்க?"

"உங்கள் பிள்ளைகள் பேரைச் சொல்லி."

அவர் என்னைப் பார்த்தார். கேலியில்லை, கோபமுமில்லை. "நம்ம புள்ளைகளுக்காக எவன் தாயி மொறைய விடுவான்? அவன் புள்ளையும் அங்கதான படுத்துக் கெடக்கு, நான் மட்டும் ஏன் விடணும்பான்" என்றார். அது நியாயமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் அதை நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பது எதுவோ அதைச் சொன்னார்.

இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகளுக்கு அதே கொசுவை வரைந்து காட்டுகிறேன். போர் வந்ததும் கொய்னா கடைகளில்கூட இல்லாமல் போனது. அந்த ஊர் என்ன செய்தது, அக்காவின் பெண் என்ன ஆனாள், எனக்குத் தெரியாது. விசாரிக்க ஒருவர் அகப்படாமல் இல்லை. கேட்கத் துணிவில்லை.

கிடங்கைக் காலி செய்த அன்று பேருந்துக்கு அக்கா வந்திருந்தாள். இருந்த கொய்னாவையெல்லாம் அவள் கையிலும் நாட்டாமை வீட்டிலும் பிரித்துக் கொடுத்திருந்தேன். பிள்ளை மறுபடி இடுப்பில் இருந்தது. தாயின் தோளில் தலையைச் சாய்த்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தது. லாந்தரைப் பேருந்தின் மேலே ஏற்றிக் கட்டினார்கள். சன்னலுக்குக் கீழே வந்து நின்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தாயி, நீங்க படத்துல சொன்னது நெசந்தான். வாய்க்கா காஞ்சு கெடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாளு எங்க வீட்டுல கொசுவே இல்ல."

"ஆமாம் அக்கா" என்றேன்.

"அந்தத் தொரைகிட்ட ஒண்ணு சொல்லுங்க. பணமெல்லாம் வேண்டாம். வாரம் ஒருக்கா இங்கன வந்து சும்மா நின்னுட்டுப் போகச் சொல்லுங்க."