கல்லை ஒட்டி நிற்பது

என் மகளை அவள் தாத்தாவோடு இனி பால்வாடிக்கு அனுப்பலாமா? இரண்டு மாதமாக இதே கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன்.

படாளத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையின் ஒரு புறம் எங்கள் வீடு, மறுபுறம் பால்வாடி. ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போனால் தூரம் என்று எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவார்கள். பாதை ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. வண்டி வந்தால் அதை ஒட்டி நிற்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். என் மாமனார் கழனி வேலைக்குப் போன காலத்தில் ஓடியது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி, பெட்டியும் ஒல்லி. பிறகு அவர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட்டார். பாப்பா பிறந்தபின், அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் திரும்பினார். அதற்குள் அகலப் பாதை வந்திருந்தது. தண்டவாளம் கல்லை நெருங்கியிருந்தது, பெட்டியும் பருத்திருந்தது. இங்கேயே இருந்தவர்கள் தள்ளி நிற்கப் பழகிவிட்டார்கள். அவர் கால்களுக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை; அவர் இன்னும் கல்லை ஒட்டித்தான் நிற்கிறார் என்று எனக்கே தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பால்வாடிக்குப் போன மாமாவுக்கும் பாப்பாவுக்கும் பின்னால் நடந்தேன். வண்டி ஊதியது. அவர் கல்லை ஒட்டி நின்றார்.

"மாமா, தள்ளி வாங்க!"

"இன்னாத்துக்கும்மா கத்துற? கல்லாண்டதான நிக்கிறேன்" என்று திரும்பிச் சிரித்தார்.

மெதுவாக வந்த வண்டிதான். பெட்டியின் படி அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மாட்டி இழுத்தது. தோள் முறிந்தது. மறு கையில் பிடித்திருந்த பாப்பா ஜல்லியில் விழுந்தாள்; முட்டியில் சிராய்ப்பு மட்டும். அவளை வண்டிக்கு எட்டாத பக்கம் பிடித்தது யோசித்தா, தற்செயலா? கேட்கப் பயமாக இருக்கிறது.

அவருக்குக் கையை இன்னும் தூக்க வரவில்லை. "நாளைலேர்ந்து நானே இட்டுகினு போறேம்மா. கல்லு எங்க போச்சு, அங்கியேதான கீது" என்கிறார். கணவர் விடியும் முன்பே கல்பாக்கத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பால்வாடி திறப்பதற்குள் என் பஸ் போய்விடும்; இரண்டு மாதமாகப் பாப்பா பால்வாடிக்கே போகவில்லை. "வேணான்னு சொன்னா அந்த மனுஷன் ஒடிஞ்சிடுவாரு, நீயே பாத்து சொல்லு" என்று கணவர் என்னிடமே விட்டுவிட்டார்.

நேற்று குக்கர் விசில் அடித்தது. பாப்பா ஓடிப்போய் அடுக்களை மூலையில் கிடக்கும் அம்மிக்கல்லை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விசில் அடங்கும்வரை அசையவில்லை.

அவரைத் தடுத்துவிட்டாலும், அவர் பழக்கம் அவளுக்குள் போய்விட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கு இதை எப்படி மறக்கவைப்பது, தாத்தாவைத் தப்பாக்காமல்? பாதை ஓரத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.