டேப்பின் மறுமுனை

இதைப் படித்துவிட்டு "காத்தா இருக்கும்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காற்றும் அலையும் கரையோரப் பாறையை எவ்வளவு தின்றிருக்கின்றன என்று அளப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அன்று சாயங்காலம் நடந்தது காற்றில்லை. நான் அதன் கையைத் தொட்டேன்.

என் அக்கா வீடு கடலோரப் பாறை மேட்டின் உச்சியில் இருந்தது. கடல் அப்படிப்பட்ட மேட்டை அடியில்தான் குடையும். அலை ஒவ்வொரு முறையும் விரிசலுக்குள் காற்றைத் திணித்து அழுத்தும். உருட்டிக்கொண்டு வரும் கல்லாலேயே பாறையை இடிக்கும். அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிப் பள்ளமாகிவிடும். மேலேயிருந்து மழைத்தண்ணீர் விரிசலில் இறங்கி ஊறும். ஒருநாள் மேல்பாகம் மொத்தமாகச் சரிந்து விழும். முந்தின நாள்வரை பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

இதையெல்லாம் அக்காவிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாகிவிட்டது. அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"உன் புராணத்த நிறுத்துடி. வீட்டுச் சுவத்துக்கும் பாறை விளிம்புக்கும் நடுவுல எட்டு மீட்டருக்குக் கீழ வரட்டும், நானே மூட்டையக் கட்டுறேன்" என்றாள்.

போன மாதம் ஒன்பது மீட்டர் இருந்தது.

அன்று இரவு புயல் கரையைத் தொடும் என்றார்கள். ஐந்தரை மணிக்கு டேப்போடு போய் நின்றேன். அக்காவின் மூன்று வயதுக் குட்டி, கடல் பார்த்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கட்டிலிலேயே இரவும் படுப்பதா, இல்லை இப்போதே தூக்கிக்கொண்டு கிளம்புவதா என்பது என் அளவைப் பொறுத்திருந்தது.

நாங்கள் அளக்கும் முறை எப்போதும் ஒன்றுதான். குட்டியின் ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, நான் டேப் சுற்றிய சக்கரத்தைப் பிடித்து நிற்பேன். அத்தான் முனையை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போவார். அலைச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் போய்ச் சேர்ந்ததும் டேப்பை இரண்டு முறை சுண்டுவார். நான் அளவைப் படிப்பேன்.

சாரலும் மூடுபனியுமாக இரண்டு எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "அத்தான், வாங்க!" என்று குரல் கொடுத்தேன். அவருடைய நீல மழைக்கோட்டு என்னைத் தாண்டி வந்து முனையை வாங்கிக்கொண்டது. விரல் பட்டது. அப்படி ஒரு சில்லிப்பு. வாய் ஓயாமல் என்னைக் கிண்டல் செய்கிற மனிதர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மழையில் நனைந்த எரிச்சல் போல என்று நினைத்தேன்.

டேப் ஓடியது. நின்றது.

சுண்டி இழுபட்டது... ஒன்று. இரண்டு.

ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா, "எவ்ளோடி?" என்றாள்.

"பத்தரை."

"போன மாசம் ஒம்பதுன்ன?"

அதுதான் எனக்கும் இடித்தது. பாறை குறையும், இல்லை அப்படியே இருக்கும். ஒருநாளும் வளராது. டேப் எங்கோ வளைந்திருக்க வேண்டும்.

"அத்தான், இறுக்கிப் பிடிங்க!"

டேப் விறைத்தது. பிறகு மறுபடியும் ஓடியது. மெதுவாக... யாரோ பின்பக்கமாகவே நடந்து போவதுபோல.

சுண்டி இழுபட்டது. ஒன்று. இரண்டு.

பன்னிரண்டு.

"பாத்தியா, நிலம் வளருது! போடி, நான் எங்கயும் வரல." அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பதினைந்து.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது.

"என்ன, எனக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சா? என் கோட்டக் காணோமே, யாரு எடுத்தது?"

அத்தான்.

வெறும் சட்டையோடு நின்றார். நனையவே இல்லை.

நான் திரும்பி மூடுபனியைப் பார்த்தேன். டேப் நேராக அதற்குள் போயிருந்தது. தொய்வே இல்லை.

சுண்டி இழுபட்டது...

ஒன்று.

இரண்டு.

ஐயோ என்று அலறிச் சக்கரத்தைப் பின்னால் வீசினேன். அது பறந்துபோய் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது.

டேப் விண்ணென்று இழுபட்டது.

கம்பி... க்ரீச்... என்று முனகியது.

சுவரில் ஒரு கோடு விழுந்தது.

"அக்கா! குட்டியத் தூக்கு!"

அவள் குழந்தையைப் போர்வையோடு வாரிக்கொண்டாள்.

வாசல் வழியாக என் வேனுக்கு ஓடினோம். பின்னால் கம்பி பிய்ந்துகொண்டு போன சத்தம் கேட்டது.

அதற்கப்புறம்... நீளமாக, ஏதோ சரிந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தோம். குட்டியின் அறை இருந்த இடத்தில் கடல் இருந்தது. அடியில் குகைபோலக் குடைந்திருக்கிறது, மேல்பாறை கனம் தாங்காமல் விழுந்துவிட்டது என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சரிதான். நானும் அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா குழந்தையை இறக்கி விடாமல் அழுதுகொண்டே இருந்தாள்.

அதே வாரம், அந்தப் பக்கம் நண்டு பிடிக்கும் படகுக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"ஏம்மா, அன்னிக்கு சாயங்காலம் உங்க அக்கா வீட்ல விருந்தாளிங்களா?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"புயலுக்கு முன்னாடி கரை சேரணும்னு மேட்ட ஒட்டியே வந்தேன். பனி கொஞ்சம் விலகுனப்ப பாத்தா, மேல ஏழெட்டு பேரு வரிசையா நின்னாங்க. முன்னால இருந்தவன் நீலக் கோட்டு. எல்லாரும் ஒண்ணா, வலை இழுக்குற மாதிரி, வீட்டுப் பக்கத்துலேருந்து எதையோ இழுத்துட்டு இருந்தாங்க."

"பாறை மேல நின்னா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்படித்தாம்மா நெனச்சேன். கிட்ட வந்ததும் அண்ணாந்து பாத்தேன்... எல்லாரோட உள்ளங்காலும் தெரிஞ்சுது."