அத்தையோடு ஓட ஒரு குதிரை வேண்டும்

1. போர்டில் ஒன்று குறைகிறது

"வேலு, லாங் ரேஸ் நடக்காது போல இருக்கப்பா" என்று ட்ரெய்னர் ரங்கராஜ் சார் சொன்னபோது நான் அத்தையின் முதுகில் உட்கார்ந்திருந்தேன். காலை ஓட்டம் முடிந்து அப்போதுதான் லாயத்துக்குள் நுழைந்திருந்தோம். வந்த கோபத்தில் எனக்கு இறங்கக்கூடத் தோன்றவில்லை.

அத்தை ஒரு பெண் குதிரை. பந்தயப் புத்தகத்தில் அவளுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. லாயத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டோம். தண்ணீர் குடிப்பதானாலும் ஓட்ஸ் தின்பதானாலும், கல்யாண வீட்டுக்கு வந்த அத்தை மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நிதானமாகத்தான் செய்வாள். அதனால் அத்தை.

நான் ரைடிங் பாய். தலை நரைத்து ஓய்வு பெறும் வரைக்கும் எங்களுக்குப் பேர் 'பாய்'தான். பந்தயத்தன்று ஜாக்கி ஏறுவார், ஜெயித்தால் போட்டோவுக்கு நிற்பார். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் ரேஸ் கோர்ஸுக்குப் போய் குதிரையை ஓட்டிப் பழக்குவது நாங்கள். கீழே விழுவதும் நாங்கள்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தயக் குதிரையில் ஸ்பிரின்டர், ஸ்டேயர் என்று இரண்டு ரகம். ஸ்பிரின்டர் ஆயிரத்து இருநூறு மீட்டருக்குள் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். ஸ்டேயருக்கு அந்த இடத்தில்தான் தூக்கமே கலையும். நான் சேர்ந்த காலத்தில் ஸ்டேயர்களுக்கென்று நிறைய பந்தயம் இருந்தது. பிறகு முதலாளிகளுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு வயதிலேயே ஓடி ஜெயிக்கிற குட்டியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். குதிரை இனவிருத்தி செய்கிற ஸ்டட் ஃபார்ம்காரர்களும் வேகமான அப்பனாகப் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஸ்டேயர் பிறப்பது குறைந்ததால் நீண்ட பந்தயம் குறைந்தது. பந்தயம் குறைந்ததால் ஸ்டேயரை வளர்க்க ஆளில்லை. யாரைக் குற்றம் சொல்வது? சொல்லித்தான் பார்த்தேன், எல்லோரையும்.

அந்த சீசனில் அத்தைக்கு ஏற்றதாக மிச்சமிருந்தது ஒரே பந்தயம், இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர். போதுமான குதிரைகள் சேராவிட்டால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். கணக்குச் சேர இன்னும் ஒரே ஒரு குதிரை வேண்டியிருந்தது.

"யாரும் என்ட்ரி கொடுக்க மாட்டேங்கிறாங்கப்பா. ஏன் மாடோது?" என்று கையை விரித்தார் சார். மண்டியாக்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்.

"என்ன செய்யறதா? ஆளைத் தேட வேண்டியதுதான் சார்" என்றேன்.

"யாரை?"

"நம்மளை ஜெயிக்க வர்றவனை."

2. பேண்ட் சத்தம்

எனக்கு ஏன் அத்தனை அவசரம் என்று சொல்ல வேண்டும்.

அத்தையின் முதலாளி ரேவதி மேடம். மேடத்தின் கணவர் ஆசைப்பட்டு வளர்த்த குதிரையின் மகள்தான் அத்தை. அவர் போன பிறகு மேடம் இவள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டார். இவளும் குட்டி போட வேண்டும், அந்த வம்சம் நிற்கக்கூடாது என்பது மேடத்தின் ஆசை. ஆனால் ஸ்டட் ஃபார்ம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஸ்பிரின்ட்ல எல்லாம் கடைசியா வந்திருக்குங்க மேடம். ஒரு லாங் ரேஸாவது ஜெயிக்கட்டும், அப்புறம் பேசலாம்."

ஜெயிக்காவிட்டால்? கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். "நல்ல உயரம், நல்ல கலர்" என்று அத்தையின் கழுத்தைத் தட்டினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

அத்தைக்கு பேண்ட் சத்தம் ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டில் மேளம் போனாலே உடம்பெல்லாம் வியர்த்து, நான்கு காலும் நடுங்கும். அவளைக் குளிப்பாட்டித் தீனி போட்டுக் கவனித்துக்கொள்கிற குதிரைக்காரர் ஜாஃபர் பாய் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். சத்தம் தேயும் வரைக்கும் அப்படியே நிற்பார்.

"இவளுக்குப் பூ கட்டி, பேண்டு முன்னாடி நிக்க வைப்பாங்களா வேலு பாய்? அரே, யா அல்லா! அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

வீட்டில் இதையே புலம்பினேன். என் மனைவி செல்வி சோறு போட்டுக்கொண்டே, "எனக்கும் நாலு கால் இருந்திருந்தா இப்படி உருகியிருப்பே" என்றாள். பிறகு அவளே, "போய்க் கேளேன்யா. கேட்டா என்னா, வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்றாள்.

3. எதிரி லாயத்தில்

எங்களுக்கும் டிசோசா சார் லாயத்துக்கும் பல வருஷமாக ஆகாது. எங்கள் குதிரை ஜெயித்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் குதிரை ஜெயித்தால் எங்கள் சார் அன்றைக்கு டிபன் சாப்பிட மாட்டார். ஆனால் அவரிடம் கர்னல் என்று ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. அதுவும் அத்தை மாதிரியேதான்: ஸ்பிரின்டில் எல்லாக் குதிரையும் போன பிறகு வந்து சேரும்.

நான் போனபோது டிசோசா சார் கர்னலின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மேன், வழி தவறி வந்துட்டியா?"

"இல்ல சார். கர்னலை லாங் ரேஸ்ல விடுங்க சார்."

நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் குதிரை ஓடறதுக்கு என் குதிரை துணைக்கு வரணுமா? உங்க சார் அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாது சார். தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சிடுவார்."

"என் குதிரை ஜெயிச்சா?"

"ஜெயிக்கட்டும் சார். பந்தயம்னு ஒண்ணு நடந்தாத்தானே ஜெயிக்கிறதும் தோக்கறதும்?"

நான் பேண்ட் விஷயத்தைச் சொன்னேன், ஜாஃபர் பாய் காதைப் பொத்துவதைச் சொன்னேன். ஒரு ரைடிங் பாய் எதிரி ட்ரெய்னரிடம் நின்று மூக்கை உறிஞ்சினால் எப்படி இருக்கும்? அசிங்கமாகத்தான் இருந்தது.

"போ மேன், போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் என்ட்ரி போர்டில் கர்னலின் பேர் இருந்தது.

"பார்த்தியா, அந்த ஆளுக்கு நம்மளைத் தோற்கடிக்க என்னா ஆசை!" என்றார் எங்கள் சார். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

4. இரண்டு தடவை வருகிற கம்பம்

அதற்குப் பிறகு காலை ஓட்டங்களை நான் அத்தையின் விருப்பத்துக்கு விட்டேன். முன்பு அவளுக்கு வேகம் வரட்டும் என்று சின்னச் சின்ன ஓட்டமாகக் கொடுத்துப் பார்த்திருந்தோம். தீனியை விட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சார் பயந்துபோய், "உனக்குத் தோணற மாதிரி ஓட்டப்பா, அவ சாப்பிட்டா போதும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நிதானமான கேண்டர் ஓட்டம், நீள நீளமாக. வின்னிங் போஸ்ட் கம்பத்தை முதல் தடவை கடக்கும்போது குனிந்து அவள் காதில், "வா தாயி, இன்னொரு ரவுண்ட் போலாம்" என்பேன். காதை ஒரு முறை பின்னுக்குத் திருப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அந்தக் கம்பத்தில் நாங்கள் முதல் தடவை நின்றதே இல்லை.

பந்தயத்தன்று ஜாக்கி லோகேஷ். பொம்மனஹள்ளிப் பையன், கெட்டிக்காரன். ஆனால் அவன் ஜெயித்ததெல்லாம் குறுகிய தூரம். நீண்ட பந்தயம் ஓட்டியதே இல்லை, அவனுக்கு அது எங்கே கிடைக்கும்? சார் அவன் தோளைப் பிடித்து, "கம்பம் ரெண்டு தடவை வரும். ரெண்டாவதுதான் கணக்கு, கொத்தாய்த்தா?" என்றார். "தெரியும் சார்" என்றான்.

தெரியும்தான். ஆனால் முதல் சுற்றில் அத்தை முன்னால் வந்ததைப் பார்த்து ஜனம் கத்தியது. கம்பம் வந்தது. லோகேஷ் மூன்று வருஷமாகச் செய்து பழகியதைச் செய்தான்: கம்பத்தைத் தாண்டியதும் ரிகாபில் காலை ஊன்றி எழுந்து நின்று லகானைத் தளர்த்திவிட்டான். பந்தயம் முடிந்தது என்றே நினைத்துவிட்டான்.

"டேய்! உட்காருடா! உட்காருடா பாவி!" வேலிக்கு இந்தப் பக்கம் நான் கத்தினேன். யார் காதில் விழும்? கர்னலும் மற்ற குதிரைகளும் அவனைத் தாண்டிப் போய்விட்டன.

ஆனால் அத்தை நிற்கவில்லை. மேலே இருந்தவன் வேலையை முடித்துக்கொண்டான், அவள் முடிக்கவில்லை. காதை ஒரு முறை பின்னுக்குத் திருப்பினாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. பிறகு அவள் பாட்டுக்குப் போனாள். வளைவில்தான் லோகேஷுக்கு உறைத்தது. பதறி உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தான். எதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு குதிரையாகக் களைத்துப் பின்தங்க, அவள் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். கடைசி நேர்கோட்டில் கர்னல் மட்டும் முன்னால். நெருங்கினாள், நெருங்கினாள். கம்பத்தில் கர்னலின் மூக்கு முன்னால் இருந்தது.

நான் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்த குதிரை.

லோகேஷை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவன் சேணத்தை இறக்கிவிட்டு அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தான். "ஸாரி அத்தை, ஸாரி அத்தை" என்றான். அத்தை அவன் தொப்பியை முகர்ந்து பார்த்தாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. போய் அவன் முதுகைத் தட்டினேன்.

5. பேச்சுத்துணை

ஸ்டட் ஃபார்ம் மேனேஜர் ரேவதி மேடத்திடம், "பேட் லக் மேடம். ஆனா ஜெயிக்கலையே" என்று ஆரம்பித்தார். மேடம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

கர்னலோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போன டிசோசா சார் பாதியில் நின்றார். திரும்பி வந்தார்.

"ஜெயிச்சது என் குதிரை" என்றார் மேனேஜரிடம். "என் குதிரையை என் ஜாக்கி அடிச்சு அடிச்சுக் கொண்டாந்தான். இவளை ஓடச் சொன்னது யாரு? மேல இருந்தவனே நிறுத்திட்டான் மேன்! குட்டி வேணும்னா இவகிட்ட எடு."

எங்கள் சார் வாயைத் திறந்தபடி நின்றார். மேடம் அத்தையின் நெற்றியில் கை வைத்தார். "என் வீட்டுக்காரர் பார்த்திருக்கணும்" என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "சரி, அனுப்புங்க மேடம்" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் சார் முதல் தடவையாக டிசோசா சார் லாயத்துக்குப் போய் டீ குடித்தார். நான் கெஞ்சப் போன கதை அங்கே வெளியே வந்துவிட்டது. தோலை உரிக்கவில்லை. "நன்ன கேளலில்ல நீனு" என்று, தன்னிடம் கேட்காமல் போனதற்கு மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

என் வேலைக்காலத்தில் நான் கற்றது இதுதான். எதிரே ஓட ஆள் இல்லாமல் போகட்டும் என்று யாரும் ஆசைப்படாதீர்கள். உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்று பக்கத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தவனுக்குத்தான் தெரியும். உங்களுக்காகப் பேச ஒருநாள் அவன் ஒருவன்தான் இருப்பான்.

ஓய்வு பெற்ற பிறகு ஜாஃபர் பாயோடு ஸ்டட் ஃபார்முக்குப் போனேன். அத்தைக்குப் பழுப்பு நிறத்தில் பெண் குட்டி. அப்பன் பேர்போன ஸ்பிரின்டர். அதைத் தவிர்க்க முடியாது, சந்தை கேட்பது அதைத்தான். மேய்ச்சல் வெளியில் குட்டிகளெல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. வேலி வரைக்கும் வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டன. அத்தையின் குட்டி மட்டும் வளைந்து திரும்பி இன்னொரு சுற்று போனது. துரத்த யாரும் இல்லை.

"வேலு பாய், பாருங்க, பாருங்க!" என்று ஜாஃபர் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அத்தை புல்லிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. குட்டி இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும்.