சாணை பிடித்த கோல்ஃப் மட்டை

மானாம்பதி வரதனுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியவரும் வரதன்தான். உத்திரமேரூர் கடைத்தெருவில் மண்வெட்டி வாங்கப் போனால், தகட்டை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். கணீர் என்றால் எடுத்துக்கொள்வார். மந்தமாகக் கேட்டால் கடைக்காரனின் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டுத் திரும்புவார். வாங்கியதும் நேரே சாணைப் பட்டறைக்குப் போவார். சாணை பிடிக்காத இரும்பு அவர் வாசப்படி ஏறியதில்லை.

இத்தனை பார்த்து வாங்கிய மண்வெட்டியை ஒரு நாளாவது பிடித்து வெட்டியிருப்பாரா என்றால், அதுதான் இல்லை. அவர் பிடித்ததெல்லாம் குடை. வரப்பில் குடையோடு நின்று, வயலில் குனிந்திருக்கும் செங்கேணிக்கு மண்ணை எப்படி வெட்டுவது என்று பாடம் நடத்துவார். செங்கேணி ஏரிக்கரை ஓரத்துக் குடிசைக்காரி, கூலிக்கு வருகிறவள். பதில் பேசமாட்டாள், வெட்டிக்கொண்டே இருப்பாள். விளைந்தது அவள் கையால், பேர் வாங்கியது இவர் குடை.

அந்த நிலத்தைத்தான் ஒரு கம்பெனிக்காரன் கோல்ஃப் மைதானம் போடக் கேட்டான். வரதன் கொடுத்துவிட்டார். நிலம் கொடுத்தவருக்கு ஆயுள் முழுக்க இலவச மெம்பர் கார்டு என்று பேச்சு. வித்தாலும் என் நிலத்தில் நான்தான் நடப்பேன் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தார். கம்பெனிக்காரன் எதையும் மறைக்கவில்லை. புல்லைக் கெடுக்கிறவருக்குக் கார்டு கிடையாது, கமிட்டி முன்னால் மைதானத்துக் குட்டையைத் தாண்டிப் பந்தை அடித்துக் காட்ட வேண்டும், அன்றைக்குத் தவறினால் அடுத்த வாய்ப்பு என்று ஒன்று இல்லை என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினான். பந்துதானே என்றார் வரதன்.

வேலி எழும்பிய பிறகுதான் உறைத்தது. பொழுது சாய்ந்தால் கால் பழக்கத்தில் அந்தப் பக்கம் போகும். வாட்ச்மேன் கையை நீட்டி மறிப்பான். கம்பிக்கு வெளியே நின்று தன் வரப்பு எங்கே இருந்தது என்று தேடிவிட்டு வருவார். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. கார்டு வாங்காவிட்டால் இனி சாகிற வரைக்கும் இந்தக் கம்பிதான் என்று பயம் பிடித்துக்கொண்டது.

மைதானத்தில் ஆட்டம் சொல்லித் தரும் அரவிந்தன், வேலிக்கு வெளியே இருந்த பயிற்சி இடத்தில் அவர் அடிப்பதைப் பார்த்துவிட்டு, மட்டை வாங்கச் சென்னைக்கு அழைத்துப் போனான். இரும்புத் தலை வைத்த மட்டைக்கு அயர்ன் என்று பேர். தலையில் இரண்டு விதம். கத்தி போல மெல்லியது, கை தேறியவர்களுக்கு. நடுவில் சரியாகப் பட்டால் சொன்ன இடத்துக்குப் பந்தை அனுப்பும், கொஞ்சம் தப்பினாலும் மானத்தை வாங்கும். இன்னொன்று அடிப்பாகம் தடித்து, முதுகு குடைந்தது. பந்துக்கு முன்னால் தரையைத் தொட்டுவிடும் ஆளுக்கு அதுதான் சரி. தடித்த அடி மண்ணில் இறங்காமல் புல்மேல் வழுக்கிப் போய்ப் பந்தைத் தூக்கிவிடும். நீங்கள் தரையைத்தான் முதலில் அடிக்கிறீர்கள், தடித்ததை வாங்குங்கள் என்றான் அரவிந்தன்.

வரதன் இரண்டையும் தட்டிப் பார்த்தார். மெல்லியது கணீர் என்றது. தடித்தது டொப்பென்றது. இது உள்ளே விரிசல் விட்ட இரும்பு என்று தீர்ப்புச் சொன்னார். கடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அங்கேயே வலைக்குள் அடித்துக் காட்டச் சொன்னார்கள். மெல்லியதால் அடித்த பந்து வலையைத் தப்பி விட்டத்தில் மோதிக் கடைக்காரன் காலடியிலேயே விழுந்தது. தடித்ததால் அடித்தது நேரே போனது. வேறு வழியில்லாமல், பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைக் காட்டி அக்காளைக் கட்டிவைத்த மாதிரி முகத்தோடு தடித்ததை வாங்கினார்.

அதை வைத்துப் பழகியதில் பந்து குட்டையைத் தாண்டுகிற தூரம் போகத் தொடங்கியது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் வரதன் இல்லையே.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மச்சான் சுப்பிரமணி வந்தான். மட்டையைப் புரட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, அம்மிக்கல்லாட்டம் கீது. இரும்பு தெரிஞ்ச மனுசன் இத்தயா தூக்கிக்கினு வந்த?"

அவ்வளவுதான். பூஜைக்கு இரும்பைத் தீட்டி வைப்பது வழக்கம், இதையும் தீட்டினால் என்ன என்று கிளம்பிவிட்டார். ஆட்டம் சொல்லித் தருகிற பிள்ளை சொன்னதைக் கேளுங்கள் என்று மனைவி தேவகி வாசல் வரைக்கும் வந்து சொல்லிப் பார்த்தாள். பெண்பிள்ளைக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்றார். பட்டறையில் பக்கத்திலேயே நின்று, தடித்த அடியைத் தேய்த்துத் தேய்த்து வெற்றிலை கிள்ளுகிற பதத்துக்கு விளிம்பு எடுத்துவிட்டார். மறுநாள் மட்டை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அரிவாளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது, ஆகவே அடித்துப் பார்க்கவும் இல்லை.

விஜயதசமியன்று கமிட்டிக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வரதன் தொப்பி வைத்து, மட்டையை ஓங்கி இறக்கினார். விளிம்பு மண்ணுக்குள் இறங்கியது. ஒரு பெரிய மண்கட்டி புல்லோடு பெயர்ந்து பறந்து குட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆளுக்கு மூன்று தடவை அடிக்கலாம் என்று கணக்கு. மற்ற இரண்டிலும் மண்தான் போனது. வாழ்நாளில் அவர் கையால் அந்த நிலத்தை வெட்டியது அன்றைக்குத்தான்.

அரவிந்தன் மட்டையை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். கமிட்டித் தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார். கார்டு கிடையாது என்பதை வேறு எப்படிச் சொல்வது?

மண் பெயர்ந்த குழிகளை மூட மணல் வாளியோடு ஓர் அம்மாள் வந்தாள். செங்கேணி. கம்பெனி கொடுத்த அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. வரதன் வாளியைப் பிடித்துக்கொண்டார். நானே மூடிவிட்டுப் போகிறேன் என்றார். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. கேட்டில் வாட்ச்மேன் இவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

செங்கேணி அவர் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு வாளியை வாங்கிக்கொண்டாள்.

"நீ போ நைனா, உன்ன வெளிய அனுப்பச் சொல்லிக்கிறாங்க. நான் மூடிக்கிறேன். நான் தெனம் வர்றவதானே."